முகூர்த்த நேரத்தில் மூன்று சங்கு

கூடப்பிறந்த அக்காவின் கல்யாணத்துக்கு ஃபயர் இன்ஜினை வரவழைத்தவள் நான். பத்திரிகை வைத்து அழைக்கவில்லை, அதுவாகவே வந்தது. வந்தவர்கள் ஆறு பேரும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அதில் ஒருவர் அப்பளம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார் என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. இதற்காக நான் எங்கும் தீ வைக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினேன், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இருபத்து நான்கு வயதில் ஒரு வியாதி வரும். யார் என்ன கஷ்டத்தைச் சொன்னாலும் "இதுக்கு ஒரு புரோகிராம் எழுதிட்டா முடிஞ்சுது" என்று தோன்றும். அம்மாவுக்கு இடுப்பு வலி என்றால்கூட ஒரு நிமிஷம் அப்படித்தான் யோசிப்போம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த வருஷத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் ஊர் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. கொஞ்சம் நெல் நிலம், அது போதாததற்கு நைனாவின் ஃபேக்டரி வேலை. (ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய.) கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு ஃபேக்டரியில், டைம் ஆபீஸில் நைனா இருபத்திரண்டு வருஷமாக இருந்தார். ஆட்கள் வருவதையும் போவதையும் பதிவு செய்வது ஒரு வேலை. சங்கு ஊதுவது இன்னொரு வேலை. சைரன் என்று யாரும் சொல்ல மாட்டோம், எங்களுக்கு அது சங்குதான்.

காலை எட்டரைக்கு ஒரு சங்கு, பத்தரைக்கு டீ சங்கு, பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு, சாயந்திரம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிற சங்கு. எல்லாம் ஒவ்வொரு தடவைதான். அடுத்தடுத்து மூன்று சங்கு ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே ஓடி, கேட்டுக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் நிற்க வேண்டும். டைம் ஆபீஸ் ஆள், எல்லோர் பெயரும் எழுதிய மஸ்டர் ரோல் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து தலை எண்ண வேண்டும். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

அதே ஃபேக்டரியில்தான் நானும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் ரூம் என்று போர்டு மாட்டிய ஓர் அறை, அதில் நான், என்னோடு ஒரு கம்ப்யூட்டர். நான் என்ன செய்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் பாதி நாள் தெரியாது.

கல்யாணத்தை நைனா ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே, மைதானத்திலிருந்து இரண்டு நிமிஷ நடையில் உள்ள மண்டபத்தில் வைத்தார். "ஆளுங்க வந்து போறதுக்கு சவுரியமா இருக்கும்" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் சாப்பிடும்போது உண்மை வெளியே வந்தது.

"ஒம்போதுல இருந்து பத்தரை வரிக்கும் முகூர்த்தம். தாரை வாத்துட்டு, தாலி ஏறினதும் ஒரு ஓட்டம் போயி டீ சங்கு ஊதிட்டு வந்துடறேன். சாப்பாட்டுச் சங்குக்கு இன்னொரு ஓட்டம்."

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "பொண்ணைத் தாரை வாக்கற மனுசன் சங்கு ஊதப் போறாராம்! ஏன், போற வழியில ரேசன் கடையில சக்கரையும் வாங்கினு வந்துடேன்!"

"தேசப்பன் ஊதக் கூடாதா நைனா?" என்றாள் அக்கா.

தேசப்பன் அண்ணன் டைம் ஆபீஸில் நைனாவுக்கு உதவியாள். தங்கமான மனிதர். ஒரு தடவை நைனா காய்ச்சலில் படுத்தபோது சாப்பாட்டுச் சங்கைப் பதினொன்றரைக்கே ஊதிவிட்டார். (பசி வந்துவிட்டதாம்.) உலையில் உருகிய இரும்பு பாதி ஊற்றியபடி நிற்க, ஆட்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து நைனா சங்கு ஸ்விட்சை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை.

"அவனை நம்பி வுட முடியாது. மணி தவறி ஊதினா முந்நூறு பேர் வேலை பேஜாரா பூடும்" என்றார் நைனா.

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தன் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது நைனா ஒரு கண்ணால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் சொன்னேன், என் வாழ்க்கையிலேயே தைரியமான, முட்டாள்தனமான ஒரு வாக்கியத்தை.

"நீங்க மணவறையைவிட்டு எழுந்திரிக்கவே வேணாம் நைனா. சங்கை நான் பாத்துக்கறேன். ஒரு புரோகிராம் எழுதிட்டா முடிஞ்சுது."

டைம் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. என்னைவிட ஒரு வயதுதான் சின்னது. அதில் வருகைப் பதிவு மட்டும் ஓடும். அதை எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டதால் யாரும் அதைத் தொடப் பயந்தார்கள். அந்தக் காலத்து மெஷின்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். உள்ளே இருக்கும் கடிகாரமும் செத்துவிட்டது, ஒவ்வொரு தடவை போடும்போதும் தான் பிறந்த வருஷத்திலேயே கண் விழிக்கும். அதனால் அதுவே மணி பார்த்துச் சங்கு ஊதும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் திட்டம் இதுதான். கம்ப்யூட்டர் ரூமில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்கு மணி நன்றாகத் தெரியும். அது சரியான நேரத்தில் ஒயர் வழியாக "ஊது" என்று ஒரு செய்தி அனுப்பும். டைம் ஆபீஸ் கிழட்டு மெஷினில், வருகைப் பதிவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் ஒரு குட்டி புரோகிராம் ஒளிந்து உட்கார்ந்திருக்கும். அதன் ஒரே வேலை காது கொடுத்துக் கேட்பது. செய்தி வந்தால் சங்கின் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, மறுபடி பேசாமல் கேட்கப் போய்விடும்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? எழுத மூன்று வாரம் ஆயிற்று. கேட்கிற புரோகிராம் அந்த மெஷினில் கொஞ்சம் இடத்துக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் வருகைப் பதிவுக்கு மூச்சு முட்டும். செய்தி வந்த வேகத்தில் துள்ளி எழுந்து வேலையைத் தொடங்கினால், முன்னால் ஓடிக்கொண்டிருப்பதும் இதுவும் முட்டிக்கொண்டு மெஷினே உறைந்துவிடும். ஆகவே வந்ததை மனதில் குறித்துக்கொண்டு, முன்னால் இருப்பவர் ஒரு வேலையை முடித்து மூச்சு விடும் நேரம் பார்த்து, சத்தம் போடாமல் தன் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். புது மருமகள் மாதிரி. எத்தனையோ தடவை உறைய வைத்தேன். ஒவ்வொரு தடவையும் தேசப்பன் அண்ணன் மெஷினின் தலையில் தட்டி, "இன்னா பாப்பா, தூங்கிடுச்சா?" என்று விசாரிப்பார்.

கடைசியில் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் போய்ச் சோதனை செய்தோம். லீவு நாளில் சங்கு ஊதினால் சுற்றுவட்டாரமே பதறும் என்பதால், கம்ப்யூட்டரிலிருந்து சங்குக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினோம். நானும் தேசப்பன் அண்ணனும் நைனாவும் மட்டும்தான். என் அறைக் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் கழித்துச் செய்தி அனுப்பும்படி வைத்துவிட்டு, டைம் ஆபீஸுக்கு ஓடிவந்து பார்த்தேன். எரியவில்லை. மறுபடி அனுப்பினேன். எரியவில்லை. செய்தி வந்து சேர்கிறதா, வந்த பிறகு என் புரோகிராம் அதை நம்பவில்லையா என்று தெரியவேண்டும். அதற்காக அந்த ஒரு சோதனைக்கு மட்டும் ஒரு வரியை மாற்றினேன். யார் அனுப்பினார்கள், என்ன அனுப்பினார்கள் என்று எதையும் பார்க்காதே, காதில் எது விழுந்தாலும் ஊது.

பல்பு எரிந்தது.

நான் குதித்தேன். தேசப்பன் அண்ணன் கை தட்டினார். நைனா பல்பையே பார்த்தபடி, "எம் பொண்ணு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, அங்கே வேறு யாரும் இல்லை. அந்த இரண்டு வார்த்தையில் எனக்குத் தலை கிறுகிறுத்துப் போனது. மாற்றிய வரியைத் திரும்ப மாற்ற வேண்டும் என்பது அந்தக் கிறுகிறுப்பில் சுத்தமாக மறந்துவிட்டது.

பல்பை அப்படியே பத்து நாள் விட்டுவைத்தோம். சங்கை வழக்கம்போல நைனா கையால் ஊதுவார். பக்கத்தில் பல்பும் அதே நேரத்துக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். தினமும் சாயந்திரம் கேட்பேன், "கோளாறு எதனா உண்டா நைனா?" அவர், "ஒண்ணும் இல்ல பாப்பா, ஜம்முனு கீது" என்பார்.

கல்யாணத்தன்று காலை எட்டரைச் சங்கைப் பட்டு வேட்டியோடு வந்து நைனா தானே ஊதினார். (அம்மாவிடம் பூ வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.) அவர் போனதும் நான் பல்பைக் கழற்றிவிட்டுச் சங்கின் ஒயரை மாட்டினேன். தேசப்பன் அண்ணனிடம், "எதையும் தொடாதீங்கண்ணா, தானா ஊதும்" என்றேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காட்டினார்.

மண்டபத்தில் ஆபீஸ்காரர்கள் எல்லாம் நாஷ்டாவுக்கு வந்திருந்தார்கள். ஃபேக்டரி ஆட்களுக்கு வேலை எட்டரைக்கு, அதனால் அவர்கள் முதல் நாள் ரிசப்ஷனுக்கே வந்து போய்விட்டார்கள். ஆபீஸ் ஒன்பதரைக்குத்தான். பொங்கல், வடை, கேசரி எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் மூன்று பேரும் ஏப்பம் விட்டபடி ஆபீஸுக்கு நடந்தார்கள். நான்தான் வாசல்வரை போய்க் கும்பிட்டு வழியனுப்பினேன். என் தலையில் இடி விழப்போகிறது என்று தெரியாமல், தாம்பூலப் பை வேறு கொடுத்து அனுப்பினேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். மணவறையில் நைனா அக்காவின் கையைத் தன் கையில் வைத்திருந்தார். அம்மா செம்பைச் சாய்க்கத் தயாராக நின்றார். மாப்பிள்ளை ஆர்.கே.பேட்டைக்காரர், கூச்சத்தோடு கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார்.

சங்கு ஊதியது.

'பக்கத்துக் கம்பெனிச் சங்கு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது சுத்தப் பொய். ஒவ்வொரு கம்பெனிச் சங்குக்கும் ஒரு குரல் உண்டு. எங்களுடையது பால் கறக்க நேரமாகிவிட்ட எருமையின் குரல். எங்கே கேட்டாலும் தெரியும்.

நைனா நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் என்னைத் தேடியது. நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

இரண்டாவது சங்கு ஊதியது. மேளக்காரர் தவிலை நிறுத்திவிட்டார். மூன்றாவதும் ஊதியது.

நைனா அக்காவின் கையை எடுத்து மெதுவாக அம்மாவின் கையில் வைத்தார். எழுந்தார். "மூணு சங்கு" என்றார். அவ்வளவுதான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கழுத்து மாலையைக் கழற்றி மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்துவிட்டு, மண்டப வாசலை நோக்கி ஓடினார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

மண்டபமே வாசலைப் பார்த்தது. அக்கா மட்டும் தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தாள். "நீதானடி?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"பத்தரைக்குள்ள நைனாவ இட்டுகினு வா. அவர் வந்தாத்தான் நான் கை நீட்டுவேன். இல்லாங்காட்டி இந்த மாலையோட நேரா ஊட்டுக்குப் போயிடுவேன்."

மாப்பிள்ளையின் அப்பா, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, "பொண்ணோட பெரியப்பா இருக்காரே, அவரே தாரை வாத்துடட்டுமே? நேரம் பூடுதே" என்றார். நியாயமான பேச்சு. பெரியப்பாவும் துண்டை உதறி எழத் தொடங்கினார். அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

மைதானத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர் கறுப்புக் கறுப்பாக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். நல்லவேளை, அடுத்த கம்பெனிக்காரர்களும் பயந்துபோய் வெளியே வந்து, தங்கள் பங்குக்கு ஒரு சங்கை ஊதி, எங்களுக்காக ஃபயர் சர்வீஸுக்கும் போன் செய்து வைத்திருந்தார்கள். (நல்லவேளை என்று எழுதிவிட்டேன். கைப்பழக்கம்.) தேசப்பன் அண்ணன் மஸ்டர் ரோல் நோட்டை நீட்டியபடி நைனாவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நான் தொடவே இல்ல பாப்பா! கையப் பின்னாலயே கட்டிகினு இருந்தேன்!" என்று கத்தினார்.

கேட்டில் வாட்ச்மேன் என்னை மறித்தார்.

"அண்ணா, உள்ள போயி ஒரே ஒரு ஒயரப் புடுங்கிட்டு வந்துடறேன்."

"மூணு சங்கு ஊதினா உள்ள யாரும் போவக் கூடாது. உங்க நைனா போட்ட ரூலும்மா."

அந்த நேரத்தில் நான்காவது தடவையாகச் சங்கு ஊதியது. உள்ளே ஆள் இல்லாத ஆபீஸில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. பெண்கள் சிலர் சாமி பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

நைனா அதற்குள் எண்ணத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு பிரிவும் ஒரு வரிசை. முகம் பார்ப்பார், பெயர் சொல்வார், நோட்டில் கோடு போடுவார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். எல்லோர் எதிரிலும் அழுகை வந்துவிட்டது.

"நைனா, தீ இல்ல, ஒண்ணும் இல்ல. என் புரோகிராம்தான். காதுல எது வுழுந்தாலும் ஊதச் சொல்லி எழுதிட்டேன். மாத்த மறந்துட்டேன். வாங்க நைனா, அக்கா கையை நீட்ட மாட்டேன்றா. நேரம் பூடுது."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் தலையில் கை வைத்தார்.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும் பாப்பா. ஆனா சங்கு ஊதிச்சுன்னா எண்ணித்தான் ஆவணும். முன்ன ஒரு தபா இப்டித்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னாங்க. எண்ணினா ஒர்த்தன் கொறையறான். போயி பாத்தா கக்கூஸ்ல மயங்கிக் கெடக்கறான். இன்னிக்கி ஒர்த்தன் உள்ள இல்லன்னு தெரியாம நான் எப்டிப் போயி எம் பொண்ணு கையைப் புடிப்பேன்?"

நானும் அவர் பின்னால் நடந்து, கோடு போடுகிற நோட்டைப் பிடித்துக்கொண்டேன். பத்து மணி ஆனது. பத்து ஐந்து ஆனது. கடைசி வரிசை முடிந்தது.

"முந்நூத்திப் பதினொண்ணு" என்றார் நைனா. முகம் மாறிவிட்டது. "ஒர்த்தன் கொறையறான். ஏழுமலை எங்க? மோல்டிங்கு ஏழுமலை எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. காலையில் வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், பிறகு பார்த்தவர்கள் இல்லை. ஃபேக்டரி மேனேஜர் அதுவரை என்னை எரித்துவிடுவதுபோல முறைத்துக்கொண்டிருந்தார், இப்போது அவருக்கும் வேர்த்தது. அப்போதுதான் மணியடித்தபடி ஃபயர் இன்ஜின் வந்து நின்றது. நைனா ஓடிப்போய் அவர்களுக்கு மோல்டிங் பகுதிக்குப் போகும் வழியைக் காட்டத் தொடங்கினார். இனி அவரை யாராலும் திருப்ப முடியாது. ஏழுமலை கிடைக்காமல் நைனா வரப்போவதில்லை, நைனா வராமல் அக்கா கை நீட்டப்போவதில்லை, எல்லாம் என் ஒரு வரியால்.

எனக்கு ஒரே ஒரு நல்ல யோசனை அன்று வந்தது. ஏழுமலை அண்ணன் முதல் நாள் ரிசப்ஷனில் கேசரியை மூன்று தடவை வாங்கியவர். நான் மண்டபத்தில் இருந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, சாப்பாட்டுக் கூடத்துல பாரு. யாராவது தனியா ஒக்காந்துகினு இருக்காங்களா?"

அம்மா செம்போடு போய்ப் பார்த்திருக்கிறார். கடைசி பெஞ்சில், தூணுக்கு மறைவில், காக்கிச் சட்டையில் ஒருவர் பொங்கலை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷத்தில் பெரியப்பா அவரை ஸ்கூட்டரில் ஏற்றி, கை கழுவக்கூட விடாமல் மைதானத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கையில் வடை அப்படியே இருந்தது.

"எங்கடா போனே?" என்று நைனா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அது கோபமா அழுகையா என்று சொல்ல முடியாது.

"செவுரு ஏறிக் குதிச்சு நாஷ்டாவுக்கு வந்தேண்ணா. மன்னிச்சுக்கணும்."

"மூணு சங்கு ஊதிச்சே, காதுல வுழல?"

"வுழுந்துச்சுண்ணா. வெளிய ஓடணும்னுதான சொல்லிக்கீறீங்க? நான்தான் ஏற்கெனவே வெளிய கீறனே. அதான் ஒக்காந்துட்டேன்."

நைனா நோட்டில் கடைசிக் கோட்டைப் போட்டார். "முந்நூத்திப் பன்னெண்டு. உள்ள யாரும் இல்ல" என்று மேனேஜரிடம் சத்தமாகச் சொல்லி, நோட்டைத் தேசப்பன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பெரியப்பாவின் ஸ்கூட்டர் பின்னால் ஏறினார். "பாப்பா, நீயும் ஏறு" என்றார். மூன்று பேராகப் போனோம்.

பத்து இருபதுக்கு நைனா மணவறையில் உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை, சட்டையில் கரி. அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து நீட்டினாள். அம்மா தண்ணீர் ஊற்றினார். மாலை மாப்பிள்ளையின் அப்பா கழுத்திலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், ஐயர் "கெட்டிமேளம்" என்றார். தவிலும் நாயனமும் உச்சத்தில் எழுந்த அந்த நொடியில், எங்கள் சங்கும் ஒரு தடவை, முழு மூச்சாக, ஊதியது. மணி பத்தரை, டீ சங்கு.

நைனாவின் உடம்பு எழுவதற்குத் துள்ளியது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அக்கா மற்ற கையால் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீடியோவில் இதெல்லாம் இருக்கிறது, சத்தம் உட்பட.

ஃபயர் சர்வீஸ்காரர்கள் உள்ளே போய்ச் சோதித்து எழுதிக் கொடுக்கும்வரை யாரும் ஃபேக்டரிக்குள் போகக் கூடாது. மைதானத்தில் வெயில். மண்டபத்திலிருந்து சாம்பார் மணம். நைனா மணவறையில் இருந்தபடியே, "எல்லாரையும் சாப்பிட வரச் சொல்லு" என்றார். இருநூற்றைம்பது இலைக்குச் சமைத்திருந்த மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெங்காயம் உரித்தேன், அரிசி களைந்தேன், ரசத்தில் வெந்நீர் ஊற்றினேன், மறுபடி ஊற்றினேன். கடைசிப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மோர்ச் சாதமும் ஊறுகாயும்தான் கிடைத்தது. நல்ல மனிதர், "வவுத்துக்கு எதமா இருக்கு" என்றார். மாலையும் கழுத்துமாக.

மேனேஜர் மறுநாள் எனக்கு மெமோ கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் நடந்தது என்ன என்று உட்கார்ந்து பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் போட்டவுடன், நான் வந்துவிட்டேன் என்று ஒயரில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். பிறகும் அவ்வப்போது கொடுக்கும். அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், மூன்று பேர், மூன்று குரல், மூன்று சங்கு. ஞாயிற்றுக்கிழமை சோதித்தபோது ஆபீஸில் எல்லாம் அணைந்து கிடந்தன, அதனால் எனக்குத் தெரியவில்லை.

"ஆனா பல்பு பத்து நாள் எரிஞ்சுதே நைனா" என்றேன் வீட்டில். "ஒம்போதரைக்கு ஆபீஸ் தொறக்கறப்ப அது எரிஞ்சிருக்கணுமே?"

"ஆமா, எரியும்" என்றார் நைனா சாதாரணமாக. "தினம் ஒம்போதரை வாக்குல மூணு வாட்டி கண் சிமிட்டும், அப்பால எப்பனா ஒரு வாட்டி. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு குட் மார்னிங் சொல்லிக்குது போலன்னு நெனச்சுக்கினேன்."

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்குத் தெரியாதது, சும்மா பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. "ஏன் நைனா சொல்லல? தினம் கேட்டேனே!"

"நீ அத்தினி சந்தோசமா இருந்தே. போயி பல்பு சிமிட்டுதுன்னு சொல்லி உம் மொகத்தை இன்னாத்துக்கு வாட வெக்கணும்னு வுட்டுட்டேன்."

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அடுத்த நாள் ஃபேக்டரிக்குப் போய், என் கம்ப்யூட்டர் சொன்னால் மட்டும் ஊது என்று அந்த ஒரு வரியைச் சரியாக எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் புரோகிராம் ஒரு நாளும் தவறி ஊதியதில்லை.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. தாரை வார்க்கும் நேரத்தில் என்னை முன் வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார வைத்துவிடுவார்கள். என் செல்போனை அக்கா வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்வாள். பின்னாலிருந்து யாராவது ஒரு மச்சான் வாயாலேயே "ஊஊஊ" என்று எருமைக் குரலில் ஊதுவான். பெண்ணின் அப்பா திடுக்கிட வேண்டும், மண்டபம் சிரிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியாது. சாப்பிடும்போது யாராவது முழுக் கதையையும் சொல்வார்கள். ஃபயர் சர்வீஸ்காரர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஏறுகிறது. போன மாதம் இருபதைத் தொட்டது.

என் கல்யாணத்திலும் ஊதினார்கள். அப்போது நைனா ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம். கல்யாணம் திருவாலங்காட்டில், எந்தக் கம்பெனிச் சங்கும் எட்டாத தூரத்தில். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பின்னாலிருந்து மச்சான்கள் மூன்று தடவை ஊதினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அம்மா தண்ணீர் ஊற்றினார். தாரை வார்த்து முடிந்தது. ஐயர், "ஆச்சு, நீங்க எழுந்துக்கலாம்" என்றார். நைனா அசையவில்லை. ஐயர் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"பெரிய பொண்ணு கையைப் பாதியில வுட்டுட்டு ஓடினவன் சாமி நான்" என்றார் நைனா. "இவ கையையாவது கொஞ்ச நேரம் புடிச்சுகினு ஒக்காந்திருக்கேனே."

ஐயர் மந்திரப் புத்தகத்தை மூடி வைத்துக் காத்திருந்தார். மாப்பிள்ளையும் கையை நீட்டியபடியே காத்திருந்தார். என் கையில் ஊற்றிய தண்ணீர் முழங்கைவரை வழிந்து, காய்ந்தும் போனது. அதற்குப் பிறகுதான் நைனா விட்டார்.